டெல்டாவில் கயாக்: எந்தத் தண்ணீருக்கு எந்தப் படகு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கயாக் பற்றிக் காவிரி டெல்டா நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடைகளில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிகளையும் ஆறுகளையும் மனத்தில் வைத்து எழுதியவை. நம் பக்கம் ஆழம் குறைவு, காற்று அதிகம், வெயில் கடுமை, ஆற்றில் வழியெங்கும் தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடும் ஷட்டர். ஆகவே கம்பெனிப் பெயரைக் கேட்பதற்கு முன்னால், படகை எந்தத் தண்ணீரில் இறக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

கயாக் என்றால் என்ன? நம் பரிசலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

கயாக் குறுகலான, நீளமான சிறு படகு. முன்பக்கம் பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். துடுப்பின் இரண்டு முனையிலும் தண்ணீரைத் தள்ளும் தட்டையான அலகு இருக்கும். வலது, இடது என்று மாறி மாறி வலிக்க வேண்டும்.

இது வட துருவத்தை ஒட்டி வாழும் இன்யூட், அலியூட் வேட்டைக்காரர்களின் படகு. மரமே வளராத கரைகளில், கடல் கொண்டுவந்து ஒதுக்கிய கட்டைகளாலும் திமிங்கில எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். ஓட்டுபவரின் உடம்பை அளந்துதான் படகைச் செய்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் அகலத்தைப்போல மூன்று மடங்கு நீளம், இடுப்பு அகலத்தோடு இரண்டு முஷ்டி சேர்த்த அகலம் என்பது ஒரு கணக்கு. காவிரியின் மேல்பகுதியில் ஓடும் பரிசலும் இதே யோசனையில் பிறந்ததுதான்: மூங்கில் கூடை முடைந்து, அதன்மேல் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். ஆனால் பரிசல் வட்டமானது. பாறைகளுக்கு நடுவே சுழன்று தப்பிப்பதற்கும் ஆட்களைக் கரை சேர்ப்பதற்கும் அது அருமையானது. நேராக நெடுந்தூரம் போக அதனால் முடியாது. கயாக் அதற்கென்றே பிறந்தது.

கானோவும் கயாக்கும் ஒன்றா?

இல்லை. கானோவில் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டும்தான் அலகு. படகு மேலே திறந்திருக்கும், மண்டியிட்டோ பலகையில் உட்கார்ந்தோ வலிப்பார்கள். நம் ஊர்த் தோணியைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கானோ புதிதாகத் தெரியாது.

டெல்டாவில் கயாக் ஓட்டத் தண்ணீர் எங்கே, எப்போது இருக்கிறது?

ஆறுகளைப் பொறுத்தவரை மேட்டூர்தான் நாள் குறிக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்து, ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் இருப்பு குறைவாக இருக்கும் வருடம் திறப்பு தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் சில நாளில் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் போகும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் நேற்று நிறைந்து ஓடிய ஆறு இன்று முழங்கால் அளவுக்கு இறங்கிவிடலாம். எனவே கிளம்பும் நாள் காலையில் உள்ளூர்க்காரர் யாரையாவது போனில் பிடித்துக் கேட்பது நல்லது. மூடிய பிறகு பெரும்பாலான இடங்களில் மணல்தான்.

வருடம் முழுவதும் தண்ணீர் இருப்பது கடற்கரை ஓரத்தில். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு. தெற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் அதையொட்டிய அகன்ற காயலும். அதற்கு அப்பால் அதிராம்பட்டினம் பக்கத்து ஆழமில்லாத கடல். வீராணம் ஏரியில் நிறைந்திருக்கும் காலத்தில் விரிந்த நன்னீர்ப் பரப்பு கிடைக்கும். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் (ஷட்டர் வைத்து ஆற்றைப் பிரித்துவிடும் இடத்தைத் தலைப்பு என்பார்கள்) பிரியும் கோரையாறும் பாமணியாறும் கடைசியில் முத்துப்பேட்டைக் காயலில்தான் போய்ச் சேர்கின்றன. மேட்டூர்த் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இடம் அது. எனக்கு மிகவும் பிடித்த கயாக் இடமும் அதுதான்.

சிட் ஆன் டாப், சிட் இன் என்கிறார்களே, எதை எடுக்கலாம்?

கயாக்கை முதலில் இப்படித்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சிட் இன் வகையில் படகுக்குள் ஒரு குழி. அதற்குள் இறங்கி, கால்கள் மேல்தட்டுக்கு அடியில் இருக்கும்படி உட்கார வேண்டும். சிட் ஆன் டாப் வகையில் முழுவதும் மூடிய மிதவைமேல் உட்கார்கிறோம்.

சிட் இன் படகு கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிறையும். நடு ஆற்றில் அதை வெளியேற்றி மறுபடி ஏறுவதற்குப் பயிற்சி வேண்டும். இருந்தும் உலகில் பலர் அதை விரும்புவதற்குக் காரணம் குளிர். பனிக்காற்றிலிருந்தும் உறையும் தண்ணீரிலிருந்தும் அது இடுப்புக்குக் கீழே காப்பாற்றும். நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. நம் வெயிலில் மூடிய குழிக்குள் காலை வைத்தால் வேர்த்துக் கொட்டும்.

சிட் ஆன் டாப்பில் தட்டிலிருந்து அடிவரை துளைகள் விட்டிருப்பார்கள். மேலே விழும் தண்ணீர் அதன் வழியே தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டுமரமும் இப்படித்தான்: தண்ணீர் மேலே ஏறும், இடுக்கில் வழிந்து போகும், மரம் மிதந்துகொண்டே இருக்கும். டெல்டாவில் முதல் கயாக் வாங்குபவர்களுக்கு நான் தயக்கமில்லாமல் சொல்வது சிட் ஆன் டாப்தான்.

நீளம், அகலம், அடிப்பக்க வடிவம் இதெல்லாம் எதற்கு?

நீளம் வேகத்துக்கு. ஒரே உழைப்பில் நீளமான படகு அதிக தூரம் போகும், நேராகவும் போகும். குட்டையான படகு சட்டென்று திரும்பும். அகலம் உறுதிக்கு. அகலம் கூடக் கூட ஆட்டம் குறையும், ஆனால் வலிப்பது கனக்கும்.

அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் அமைதியான தண்ணீரில் அசையாமல் நிற்கும். அலை பக்கவாட்டில் வந்தால் அந்தத் தட்டை அடி அலையின் சரிவோடு சேர்ந்து சாயும். உருண்டையான அடி முதலில் உட்காரும்போது தடுமாறும். ஓரளவு சாய்ந்த பிறகு பிடித்து நிற்கும். கடற்கயாக்கில் முதல் நாள் பயப்படுகிறவர்கள் கொஞ்சம் பழகியதும் தெளிவது இதனால்தான்.

பக்கத்திலிருந்து பார்க்கும்போது முன்னும் பின்னும் மேலே வளைந்திருந்தால் அந்தப் படகு எளிதில் திரும்பும். வளைவே இல்லாத படகு கோடு கிழித்ததுபோல் போகும். பின்னால் வைக்கும் சுக்கானைத் திரும்புவதற்கென்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை பக்கவாட்டுக் காற்றில் படகு முகம் திரும்பிவிடாமல் பிடிப்பது. முத்துப்பேட்டைக் காயலில் பிற்பகலில் ஓட்டிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

சாதாரணமாகப் பொழுதுபோக்காக ஓட்ட எது போதும்?

9 முதல் 12 அடி நீளம், 28 முதல் 32 அங்குல அகலம் உள்ள ரெக்ரியேஷனல் கயாக். மணிக்கு 4, 5 கிலோமீட்டர் வேகத்தில் சாவகாசமாகப் போகலாம். அரை அடி தண்ணீர் இருந்தால் மிதக்கும் என்பதால் திட்டுத்திட்டாக மணல் தெரியும் காவிரிக்கு நன்றாகப் பொருந்தும். பிச்சாவரத்தில் வேர்கள் தொங்கும் சந்து வாய்க்கால்களில் 9, 10 அடிப் படகுதான் வசதி. 14 அடிப் படகோடு அங்கே நுழைந்தால் திரும்ப இடம் இருக்காது, பின்னாலேயே வலித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

டூரிங் கயாக்?

12 முதல் 15 அடி. முன்னும் பின்னும் சாமான் வைக்கத் தண்ணீர் புகாத அறைகள் இருக்கும். கும்பகோணம் பக்கம் காவிரியில் இறங்கி, இரண்டு நாள் கரையோர ஊர்களில் தங்கித் தங்கிக் கிழக்கே போக ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரி. ஒன்றை நினைவில் வையுங்கள்: நம் ஆற்றில் ஒவ்வொரு தலைப்பிலும் கதவணையிலும் படகைத் தூக்கிக் கரைமேல் நடக்க வேண்டும். தூக்க முடியாத எடை என்றால் பயணம் முதல் ஷட்டரோடு முடிந்துவிடும். சின்னச் சக்கர வண்டி ஒன்று கூடவே இருக்கட்டும்.

கடலில் ஓட்ட என்ன வேண்டும்?

கடற்கயாக் 14 முதல் 18 அடி நீளம், 20 முதல் 24 அங்குல அகலம்தான் இருக்கும். உள்ளே தடுப்புச் சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். நடுக்குழியில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் மிதக்க வைக்கும். இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடைத் துணியை மாட்டிக் குழியை மூடிக்கொள்வார்கள். கவிழ்ந்தால் படகை விட்டு வெளியே வராமலே துடுப்பால் உந்தி உருண்டு எழுவதற்குத் தனிப் பயிற்சி உண்டு. அதைக் கற்காமல் இந்தப் படகில் ஏறாதீர்கள்.

நம் கரையில் கவனிக்க வேண்டியது காற்று. வாடையும் கொண்டலும் வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலை மறந்துவிடுங்கள். புயல் மாதங்கள் அவை. அதைவிட ஏமாற்றுவது ஆடி மாதக் கச்சான். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பது தெரிந்ததுதான். அந்தக் காற்று மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் பூம்புகாரிலோ நாகூரிலோ நின்று பார்த்தால் கரையோரத் தண்ணீர் அமைதியாகத் தெரியும். இறங்கிய பிறகு படகு சுலபமாக ஓடுகிறதே என்று மகிழ்ந்துகொண்டே கிழக்கே போய்விடுவோம். திரும்பி வரும்போதுதான் ஒவ்வோர் அடிக்கும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதக் காலை நேரம் இதற்கு நல்லது. இறங்கும் முன் அந்தக் கரையின் மீனவர்களிடம் கேளுங்கள். அவர்கள் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்.

அதிராம்பட்டினம், கோடியக்கரைப் பக்கம் அலை குறைவு என்றாலும் இலங்கை எல்லை தூரமில்லை. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டாதீர்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைப் போனில் பதிந்துவைத்திருங்கள்.

பாறைகளில் துள்ளிப் போகும் குட்டைப் படகு எங்கள் ஊருக்கு ஆகுமா?

ஆகாது. அந்த ஒயிட் வாட்டர் கயாக் 6 முதல் 9 அடிதான் இருக்கும், சரிவான மலையாறுகளுக்கானது. ரிஷிகேஷ் பக்கத்துக் கங்கையிலும், கோழிக்கோடு அருகே கோடஞ்சேரி மலையாறுகளிலும் அதைப் பார்க்கலாம். டெல்டாவின் சமவெளியில் அது நேராகவே போகாது, வலிக்க வலிக்கச் சுற்றும்.

மீன்பிடிக்கக் கயாக் வாங்கலாமா? பெடல் வைத்தது நல்லதா?

மீன்பிடிக் கயாக் 10 முதல் 14 அடி நீளமும் 32 அங்குலத்துக்கு மேல் அகலமும் இருக்கும். எழுந்து நின்று தூண்டில் வீசலாம். தூண்டில் கழி செருக இடம், ஐஸ் பெட்டி வைக்கப் பின்னால் பள்ளம், உயரமான இருக்கை எல்லாம் உண்டு. எடை 35 கிலோவைத் தாண்டும், பெடல் சேர்ந்தால் இன்னும் கூடும்.

பெடல் கயாக்கில் காலால் மிதித்தால் அடியில் துடுப்புபோன்ற இரண்டு பட்டைகளோ சிறு விசிறியோ படகைத் தள்ளும். ஹோபி நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த மிதிப்பட்டை முறைதான் இதைப் பரவலாக்கியது. கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும், நெடுநேரம் ஓட்டினாலும் தோள் வலிக்காது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டை தண்ணீருக்குள் ஓர் அடிக்கு மேல் இறங்கும். விரால் கிடைக்கும் இடமெல்லாம் ஆகாயத்தாமரையும் கோரையும் மண்டிய இடம், சிக்கிக்கொள்ளும். காயலில் ஓதம் வற்றும்போது சேற்றில் குத்தும். ஆழமான ஏரிக்கும் முகத்துவாரத்துக்கும் பெடல் சரி. கொடுவாய்க்கும் மடவைக்கும் காயல் ஓரத்தில் அலைகிறவர்களுக்குச் சாதாரணத் துடுப்பே மேல்.

இன்னொன்று முக்கியம். ஏரி, குளங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். முத்துப்பேட்டையில் கரையோர மக்கள் வாய்க்கால் வெட்டி மீன்பிடிப்பது பரம்பரை வழக்கம். நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய வருமானம். கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. வலை கட்டியிருக்கும் இடத்தில் சுற்றிப் போவதுதான் மரியாதை.

காற்றடிக்கும் கயாக் ஏமாற்று வேலையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். கார் இல்லாதவர்களுக்கும் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் அது பெரிய வசதி. 10 முதல் 18 கிலோ எடையில் ஒரு பையில் அடங்கும், டவுன் பஸ்ஸில்கூட ஏற்றலாம். அதில் இரண்டு தரம் உண்டு. மலிவானது வெறும் ரப்பர் குழாய். உட்கார்ந்தால் நடுவில் தொய்யும், காற்றில் அலைக்கழியும். நல்ல ரகத்தில் மேல் துணியையும் அடித் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்களால் உள்ளுக்குள் இணைத்திருப்பார்கள். அழுத்தமாகக் காற்றடித்தால் பலகைபோல் விறைத்து நிற்கும்.

நம் ஊரில் அதன் எதிரி வெயில். கரையில் காற்றோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், உள்ளே காற்று சூடேறி விரிந்து, ஒட்டு பிரிந்துவிடும். கரைக்கு இழுத்ததும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். கருவேல முள்ளும் படித்துறையில் கிடக்கும் கண்ணாடிச் சில்லும் அடுத்த எதிரிகள்.

சட்டம் போட்டுத் துணி இழுக்கும் மடக்குக் கயாக் என்று பழைய ரகம் ஒன்றும் உண்டு. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் அப்படிப்பட்ட படகில் 1932-ல் ஊல்ம் நகரத்தில் டான்யூப் ஆற்றில் இறங்கி, 1939-ல் ஆஸ்திரேலியப் பகுதியை அடைந்தார். வழியில் இந்தியக் கரையோரமாகவும் இலங்கை வழியாகவும் வந்திருக்கிறார். துணிப்படகுதானே என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

இருவர் ஓட்டும் கயாக் நல்லதா?

சிறு பிள்ளையோடு போகிறவர்களுக்கும், நீச்சல் பயம் உள்ள ஒருவரை அழைத்துப் போகிறவர்களுக்கும் நல்லது. பின்னால் இருப்பவர்தான் திசை பார்க்க வேண்டும், முன்னால் இருப்பவர் வேகம் தர வேண்டும். அனுபவம் உள்ளவர் பின்னால் உட்காரட்டும். தாங்கும் எடை என்று அச்சிட்டிருப்பதில் முக்கால் பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். முழு எடையையும் ஏற்றினால் தட்டில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும்.

ஒலிம்பிக்கில் பார்ப்பது எந்த வகை?

நேர்கோட்டுப் பந்தயத்தில் கே1, கே2, கே4 என்று வருபவை கயாக். எண் ஓட்டுபவர்களைக் குறிக்கும். கே1 படகு 5.2 மீட்டர் நீளம், 12 கிலோ எடை, இடுப்பு அளவுக்கே அகலம். பழகாதவர் உட்கார்ந்த நொடியே கவிழும். தேர்ந்தவர்கள் 1000 மீட்டரை ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் கடக்கிறார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலிருந்து இந்தப் போட்டி இருக்கிறது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த பிராச்சி யாதவ் 2023 ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் கயாக்கில் தங்கம் வென்றார். கால் பயன்படாதவர்களும் முழு உரிமையோடு ஆடக்கூடிய விளையாட்டு இது என்பதை ஊர்ப் பள்ளிகளில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. நேராகவும் அமைதியாகவும் நீளமாகவும் தண்ணீர் கிடைக்கும் நம் மாவட்டங்களில் அதற்குப் பயிற்சி மையங்கள் வர வேண்டும்.

பிளாஸ்டிக்கா, ஃபைபரா?

பிளாஸ்டிக். பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கை அச்சில் சுழற்றி வார்க்கிறார்கள். மதகுக் கல்லில் இடித்தாலும் மணலில் இழுத்தாலும் கீறல் விழும், உடையாது. ஃபைபர் கயாக் எடை குறைவு, வேகம் கூட, பார்க்கவும் அழகு. ஆனால் ஒரு கருங்கல் படியில் மோதினால் வெடிக்கும். கடலுக்கும் நீண்ட பயணத்துக்கும் மட்டும் அதை யோசியுங்கள்.

பிளாஸ்டிக்கும் வெயிலில் கெடும். ஏப்ரல், மே மாதத்தில் கார் கூரையில் கயிற்றை இறுக்கிக் கட்டி நாள் முழுவதும் நிறுத்தினால், கயிறு அழுத்திய இடம் பள்ளமாகிவிடும். நீளமான படகுக்குக் குட்டி யானை வண்டிதான் வசதி. அடியில் வைக்கோலோ பழைய மெத்தையோ போட்டு ஏற்றுங்கள்.

துடுப்பு எவ்வளவு நீளம்?

அகலமான சிட் ஆன் டாப்புக்கு 230 முதல் 250 சென்டிமீட்டர், குறுகிய கடற்கயாக்குக்கு 210 முதல் 220. குட்டையாக வாங்கினால் கை படகின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும். வலிக்கும்போது கையை நம்பாமல் இடுப்பைத் திருப்பி வலியுங்கள்.

எங்கள் ஆற்றில் உண்மையான ஆபத்து எது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டெல்டாவில் உயிரைப் பறிக்கக்கூடியது தலைப்புகளிலும் கதவணைகளிலும் உள்ள ஷட்டர்தான். கல்லணை, அணைக்கரை, தென்பெரம்பூர், மேலையூர் என்று பெரியதும் சின்னதுமாக ஆறு நெடுக அவை இருக்கின்றன.

பெரும்பாலான ஷட்டர்கள் மேலே தூக்கப்படுபவை. தண்ணீர் அவற்றின் அடி வழியாகப் பீறிட்டுப் போகும். மேலே நிற்கும் தண்ணீரோ குளம்போல் அசையாமல் தெரியும். இழுப்பு முழுவதும் அடியில். அருகே போகும் கயாக் கதவில் ஒட்டிக்கொள்ளும், ஆளைக் கீழே இழுக்கும். லைஃப் ஜாக்கெட் அந்த இழுப்புக்கு முன்னால் நிற்காது.

தண்ணீர் மேலே வழிந்து விழும் தடுப்பணைகளில் ஆபத்து கீழ்ப்பக்கம். விழுந்த தண்ணீர் சுருண்டு மறுபடி அணையை நோக்கியே திரும்பும். அதில் சிக்கிய கட்டையும் தேங்காயும் மணிக்கணக்கில் அங்கேயே உருள்வதைப் பார்த்திருப்பீர்கள். மனிதனுக்கும் அதே கதிதான். நுரையில் பாதி காற்று என்பதால் நீச்சலும் மிதவையும் சரியாக உதவாது.

எனவே ஷட்டர் கண்ணில் பட்டவுடன், குறைந்தது 100 மீட்டர் முன்னாலேயே கரையேறுங்கள். படகைத் தூக்கிக்கொண்டு, கீழ்ப்பக்கம் நுரையெல்லாம் அடங்கிய இடத்துக்கு நடந்துபோய் இறக்குங்கள். முதல் தடவை போகும் ஆறு என்றால், முந்தின நாள் பைக்கில் கரையோரமாகவே போய் எங்கெங்கே ஷட்டர், எங்கே கரையேற இடம் என்று பார்த்து வையுங்கள்.

பாலத் தூண்களில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் சேர்ந்து அடைத்திருக்கும். தண்ணீர் அதற்குள் ஊடுருவிப் போகும், படகு போகாது. ஓட்டத்தில் அதன்மேல் மோதப் போகிறோம் என்றால் உடம்பு தானாக எதிர்ப்பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்தால் படகு கவிழ்ந்து நாம் அடியில் போவோம். தடையின் பக்கமே சாய்ந்து, கையால் தள்ளி வெளியே வர வேண்டும்.

கல்லணைக் கால்வாயைத் தவிர்த்துவிடுங்கள். காங்கிரீட் போட்ட சரிவுக் கரை வழுக்கும், ஓட்டம் வேகம், விழுந்தால் பிடித்து ஏற இடமில்லை.

முதலை இருக்கிறதா?

இருக்கிறது. அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்திலும், சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் பழைய கொள்ளிடக் கரை ஊர்களிலும் சதுப்பு முதலைகள் வாழ்கின்றன. குளிக்கப் போனவர்களைத் தாக்கிய சம்பவங்கள் உண்டு. ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரிக் குளத்தில் விடுவார்கள். அந்தப் பகுதியில் கயாக் வேண்டாம். காற்றடிக்கும் படகோ, கையையும் காலையும் தண்ணீரில் தொங்கவிட்டபடி ஓட்டுவதோ கூடவே கூடாது.

அனுமதி வாங்க வேண்டுமா?

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வனத்துறையிடம் கேட்க வேண்டும். பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. முத்துப்பேட்டைக்கு ஜாம்பவானோடையிலிருந்து படகில் போவார்கள். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம், 2002 முதல் ராம்சார் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஈரநிலமும்கூட. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இறங்கியிருக்கும்போது அருகே போய்க் கலைக்கக் கூடாது. அணை, ஏரி, கதவணை என்றால் நீர்வளத் துறை.

நீச்சல் நன்றாகத் தெரியும். லைஃப் ஜாக்கெட் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஆற்றிலேயே வளர்ந்தவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். தலையில் அடிபட்டாலோ, தொடையில் சதை பிடித்துக்கொண்டாலோ நீச்சல் கைகொடுக்காது. நுரைப்பொதி வைத்த, உடம்போடு இறுகும் ஜாக்கெட்டாக வாங்குங்கள். குழந்தைகளுடையதில் தொடைக்கு இடையே போகும் பட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும்.

கவிழ்ந்தால் என்ன செய்வது?

படகை விடாதீர்கள். ஆற்று ஓட்டத்தில் என்றால் படகுக்கு மேல்பக்கமாக, அதாவது தண்ணீர் வரும் பக்கமாக இருங்கள். கீழ்ப்பக்கம் நின்றால் படகுக்கும் தடைக்கும் நடுவே நசுங்க நேரும். காலை ஆற்றின் போக்கில் முன்னால் நீட்டி மிதந்துகொண்டே கரைக்கு ஒதுங்குங்கள். அமைதியான தண்ணீரில் சிட் ஆன் டாப்பைப் புரட்டி, நடுப்பகுதியைப் பிடித்து, காலை உதைத்து வயிற்றை மேலே போட்டு, பிறகு திரும்பி உட்காருங்கள். இதை மார்பளவுத் தண்ணீரில் ஒருவர் துணையோடு பலமுறை பழகிய பிறகுதான் ஆழத்துக்குப் போக வேண்டும். முத்துப்பேட்டைச் சேற்றில் மட்டும் காலை ஊன்றப் பார்க்காதீர்கள், புதையும். படகிலேயே படுத்தபடி துடுப்பால் தள்ளி வெளியே வாருங்கள்.

பழைய கயாக் வாங்கலாமா?

தாராளமாக. உள்ளே தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, அடியில் கசிகிறதா பாருங்கள். வடிகால் துளைகளின் உள்விளிம்பில்தான் முதலில் விரிசல் விடும். நிறம் வெளுத்து, நகத்தால் கீறினால் மாவுபோல உதிர்ந்தால் வெயிலில் கிடந்த படகு என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். ஒட்டுப்போட்டிருந்தால் எங்கே என்று கேளுங்கள். பாலிஎத்திலீனில் பசை பிடிக்காது, சூடேற்றிப் பற்றவைத்ததுதான் நிற்கும்.

ஆறு வறண்ட மாதங்களில் எப்படி வைப்பது?

உப்புத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, ஆணிகளையும் சுக்கான் கம்பியையும் துடைத்து எண்ணெய் தடவுங்கள். நிழலில், பக்கவாட்டில் சாய்த்து, அகலமான பட்டை இரண்டில் தொங்கவிடுவது நல்லது. தரையில் மல்லாத்திப் போட்டால் இருக்கைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். சாமான் அறை மூடியைத் திறந்தே வைத்து, வாயில் கொசுவலை கட்டுங்கள். மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், வலையில்லாமல் விட்டால் எலி குடியேறி இருக்கை நுரையைக் கடித்துவிடும். மேட்டூரைத் திறக்கும் செய்தி வந்ததும் கயிறுகளையும் ஜாக்கெட்டின் கொக்கிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, இற்றுப்போனதை மாற்றிவிடுங்கள்.